வெப்பநாட்டில் பாக்டீரியா வளர்ப்பு ஊடகங்களின் வரலாறு

பாக்டீரியாவை ஆய்வகத்தில் உயிருடன் வளர்ப்பதற்காக ஊட்டப்பொருள், நீர், உப்பு முதலியவற்றைத் தகுந்த அளவில் சேர்த்து உருவாக்கப்படும் நீர்மம் அல்லது கூழ், வளர்ப்பு ஊடகம் எனப்படுகிறது. நோயாளியின் சளி, மலம், சிறுநீர், இரத்தம், குடிநீர், வயல் மண் என எதில் எந்தப் பாக்டீரியா உள்ளது என்று அறிய வேண்டுமானாலும், அதை முதலில் ஓர் ஊடகத்தில் இட்டு வளர்ப்பதே நூறாண்டுகளுக்கும் மேலாகப் பின்பற்றப்படும் வழி.

ஊடகங்களின் வரலாறு பெரும்பாலும் பாரிஸ், பெர்லின் ஆய்வகங்களின் கதையாகவே எழுதப்படுகிறது. ஆனால் அங்கு எழாத சில இடர்கள் இந்தியாவில், குறிப்பாகத் தென்னிந்தியாவில் எழுந்தன. கோடை வெப்பத்தில் உருகாத ஊடகம் வேண்டும். நோயாளியின் ஊருக்கும் ஆய்வகத்திற்கும் இடையே உள்ள நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைத் தாங்கும் ஊடகம் வேண்டும். ஏழை நோயாளிக்கும் பயன்படும் எளிய ஊடகம் வேண்டும். இத்தேவைகளுக்குக் கிடைத்த விடைகளில் கடற்பாசி, கடலுப்பு, கோழிமுட்டை போன்ற எளிய பொருட்கள் முதன்மையான இடம் பெற்றன.

நீர்ம ஊடகமும் அதன் குறையும்

முதல் ஊடகங்கள் நீர்மங்களே. 1860ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர், சர்க்கரை, அம்மோனியம் உப்பு, ஈஸ்டின் சாம்பல் ஆகியவற்றைக் கலந்த கரைசலில் நுண்ணுயிரிகளை வளர்த்தார். பின்னர் இறைச்சிச் சாறு பயன்பாட்டுக்கு வந்தது. செருமானியரான பிரெடெரிக் லோஃப்லர் இறைச்சிச் சாற்றுடன் பெப்டோனும் சமையலுப்பும் சேர்த்தார். பெப்டோன் என்பது புரதத்தைப் பாதியளவு செரிக்கச் செய்து பெறப்படும் பொருள். பாக்டீரியா எளிதில் உண்ணக்கூடிய நிலையில் அது இருக்கும். இன்றும் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் பயன்படும் ஊட்டச்சாறு இந்த வழியில் வந்ததே.

நீர்ம ஊடகத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. அதில் எத்தனை வகைப் பாக்டீரியாக்கள் விழுந்தாலும் அவை அனைத்தும் கலந்தே வளரும். தோசை மாவு புளிக்கும்போது பல நுண்ணுயிரிகள் ஒன்றாகப் பெருகுகின்றன. மாவு புளித்தது தெரியும். எந்த உயிரி எதைச் செய்தது என்பது மாவைப் பார்த்தால் தெரியாது. காலராவுக்கோ காசநோய்க்கோ காரணம் இதுதான் என்று ஓர் உயிரியைச் சுட்ட வேண்டுமானால், அதைப் பிறவற்றிலிருந்து பிரித்துத் தனியே வளர்த்தாக வேண்டும்.

இதற்கு இராபர்ட் கோக் கண்ட வழி திண்ம ஊடகம். வேகவைத்த உருளைக்கிழங்கை வெட்டி வைத்தபோது, அதன் பரப்பில் விழுந்த ஒவ்வொரு பாக்டீரியாவும் நகர இடமின்றி விழுந்த இடத்திலேயே பெருகித் தனிப்புள்ளியாகத் தெரிந்தது. இப்புள்ளி காலனி எனப்படுகிறது. ஒரு காலனியிலிருந்து ஊசிமுனையளவு எடுத்து வேறிடத்தில் வளர்த்தால் ஒரே வகைப் பாக்டீரியா கிடைக்கும். ஆனால் உருளைக்கிழங்கில் எல்லாப் பாக்டீரியாவும் வளர்வதில்லை. எனவே கோக், இறைச்சிச் சாற்றுடன் ஜெலட்டின் சேர்த்து உறையவைத்தார். 1881ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் இம்முறையை அவர் செய்து காட்டினார்.

வெப்பமும் அகாரும்

ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறப்படும் புரதம். ஊடகத்திற்கு அதில் இரண்டு குறைகள் இருந்தன. பல பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே செரித்து நீராக்கிவிடும். மேலும், ஜெலட்டின் கூழ் 25 முதல் 28 பாகை செல்சியசு வெப்பத்தில் இளகிவிடும். மனிதருக்கு நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் உடல் வெப்பமான 37 பாகையில்தான் நன்கு வளரும். அந்த வெப்பத்தில் ஜெலட்டின் திண்மமாக இருக்காது.

கோக்கின் ஆய்வகத்தில் காற்றிலுள்ள நுண்ணுயிரிகளை ஆராய்ந்துவந்த வால்தர் ஹெஸ்ஸெ இத்தொல்லைக்கு ஆளானார். கோடையில் அவருடைய தட்டுகள் உருகின. அவருக்கு ஆய்வில் உதவியாகப் படங்கள் வரைந்துவந்த மனைவி ஃபேனி ஏஞ்சலினா ஹெஸ்ஸெ, வீட்டில் தாம் செய்யும் பழக்கூழ் கோடையிலும் உருகாததைக் கண்டிருந்தார். அக்கூழை உறையவைக்க அவர் பயன்படுத்தியது அகார்-அகார் என்ற கடற்பாசிப் பொருள். நியூயார்க்கில் பிறந்த அவர், சாவகத் தீவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பத்தினர் வழியாக இளமையிலேயே அகாரை அறிந்திருந்தார். 1881ஆம் ஆண்டு அவர் சொன்ன யோசனையின்படி ஊடகத்தில் அகார் சேர்க்கப்பட்டது. 1882இல் காசநோய்ப் பாக்டீரியாவைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் கோக் அகாரைச் சுருக்கமாகக் குறிப்பிட்டார். யோசனை யாருடையது என்பது அதில் இல்லை. 1887இல் ரிச்சர்டு பெட்ரி மூடியுடைய வட்டத் தட்டை அறிமுகப்படுத்தினார். அகார் ஊற்றிய பெட்ரித் தட்டு அதன்பின் நுண்ணுயிரியலின் அடையாளமாகவே ஆனது.

அகாரின் சிறப்பு அதன் வெப்ப இயல்பில் உள்ளது. அது உருக ஏறத்தாழ 85 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். உருகிய பின் 40 பாகைக்குக் கீழே ஆறினால்தான் உறையும். ஒருமுறை உறைந்தால் 37 பாகையிலும் அதற்கு மேலும் உறைந்தே இருக்கும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் முடியாது.

அகார் என்பது மலாய்ச் சொல். தென்கிழக்காசியாவுடன் நெடுங்காலம் வணிகத் தொடர்புள்ள தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இப்பொருள் புதியதன்று. கடல்பாசி, சைனா கிராஸ் என்ற பெயர்களில் அது கடைகளில் விற்கப்படுகிறது. ரமலான் நோன்பு திறக்கும்போது பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யப்படும் கடல்பாசி இனிப்பு, தமிழ் முசுலிம் வீடுகளில் நன்கு அறியப்பட்ட உணவு. ஆய்வகத் தட்டில் உறைந்திருப்பதும் இதே பொருள்தான். தூய்மையின் அளவில் மட்டுமே வேறுபாடு.

கோக் 1883 டிசம்பரில் கொல்கத்தா வந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் காலராவின் வளைந்த பாக்டீரியாவைத் தூய வளர்ப்பாகப் பெற்றதை அறிவித்தார். அவருடைய காலரா ஆய்வில் ஜெலட்டின் தட்டுகளே முக்கிய இடம் பெற்றன. அவர் அங்கிருந்ததும் குளிர்காலம். கத்திரி வெயிலில் பகல் வெப்பம் 37 பாகையைத் தாண்டும் சென்னை போன்ற ஊரில், ஆண்டு முழுவதும் வேலை செய்யும் ஆய்வகம் ஜெலட்டினை நம்பி நடக்க இயலாது. வெப்பநாடுகளில் பாக்டீரியா ஆய்வு நிலைபெற அகார் இன்றியமையாததாக இருந்தது.

ஆட்டிறைச்சியும் நெய்யும்

ஊடகத்தில் என்ன சேர்ப்பது என்பதை நாட்டின் வழக்கங்களும் முடிவு செய்தன. 1896இல் மும்பையில் பிளேக் பரவியபோது, தடுப்பூசி உருவாக்க வால்டெமார் ஹாஃப்கின் அனுப்பப்பட்டார். ஐரோப்பாவில் ஊடகத்திற்கு மாட்டிறைச்சிச் சாறு வழக்கம். மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சேர்ந்த மருந்தை இந்துக்களும் முசுலிம்களும் ஏற்கமாட்டார்கள் என்பதால், ஹாஃப்கின் ஆட்டிறைச்சியை அமிலத்தில் சிதைத்து ஊடகம் செய்தார். அதன் மேற்பரப்பில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். பிளேக் பாக்டீரியா அத்துளிகளின் அடியில் பற்றிக்கொண்டு, குகைக் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணக்கற்களைப் போல இழையிழையாகக் கீழ்நோக்கி வளர்ந்தது. குடுவையை அசைத்தால் இழைகள் அறுந்து விழும். நெய்யின் அடியில் மீண்டும் புதிய வளர்ச்சி தோன்றும். அந்தத் தொங்கும் வளர்ச்சி பிளேக் பாக்டீரியாவின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. 1897 சனவரி 10ஆம் நாள் ஹாஃப்கின் முதல் ஊசியைத் தம் உடலிலேயே போட்டுக்கொண்டார்.

ஊடகத்தில் வேண்டாத உயிரி புகுந்தால் என்ன நேரும் என்பதும் இதே தடுப்பூசியின் வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில், ஒரே குப்பியிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். தயாரிப்பை விரைவாக்குவதற்காக அப்போது நீர்ம ஊடகத்திற்கு மாற்றாக அகார் பயன்படுத்தப்பட்டிருந்தது. கார்பாலிக் அமிலம் சேர்ப்பதும் விடப்பட்டிருந்தது. பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. ஊரில் குப்பியைத் திறந்தபோது உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதும் பின்னர் கவனத்திற்கு வந்தன. இரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அவருக்காக எழுதினர். 1907இல் அவர் பழியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் நிறுவிய ஆய்வகம் 1925 முதல் ஹாஃப்கின் நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

ஊடகத்தை 121 பாகை வெப்பத்தில் அழுத்தமான நீராவியில் 15 நிமிடம் வைத்து, அதிலுள்ள எல்லா உயிரிகளையும் கொன்ற பிறகே பயன்படுத்துவது விதி. இதற்கான ஆட்டோகிளேவ் என்ற கருவி வீட்டுப் பிரஷர் குக்கரின் பெரிய வடிவமே. தூய்மை செய்த ஊடகத்தில் எதையும் இடாமல் ஓரிரு நாள் வெதுவெதுப்பில் வைத்து, ஒன்றும் வளரவில்லை என்று உறுதி செய்துகொள்வதும் வழக்கம்.

ஊடகங்களின் வகைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் ஊடகங்கள் பல வகைகளாகப் பிரிந்தன. நிலையை வைத்து நீர்மம், அரைத்திண்மம், திண்மம் என மூன்றாகப் பிரிப்பது ஒரு முறை. பொதுவாக 1.5 முதல் 2 விழுக்காடு அகார் சேர்த்தால் திண்மம், அரை விழுக்காட்டுக்கும் குறைவாகச் சேர்த்தால் அரைத்திண்மம், சேர்க்காவிட்டால் நீர்மம். பயனை வைத்துப் பிரிப்பது மற்றொரு முறை.

அடிப்படை ஊடகம்: இறைச்சிச் சாறும் பெப்டோனும் உப்பும் கொண்டது. எளிதில் வளரும் பாக்டீரியாக்களுக்கு இது போதும்.

செறிவூட்டிய ஊடகம்: அடிப்படை ஊடகத்துடன் இரத்தம், நிணநீர், முட்டை போன்றவை சேர்த்தது. இரத்தம் சேர்த்த அகாரில் சில பாக்டீரியாக்கள் சிவப்பணுக்களைச் சிதைத்துத் தம்மைச் சுற்றித் தெளிந்த வளையம் உண்டாக்கும். இரத்தத்தைச் சூடாக்கிச் சேர்த்தால் ஊடகம் பழுப்பாகும். நிறத்தால் அதற்குச் சாக்லேட் அகார் என்று பெயர். அதில் சாக்லேட் எதுவும் இல்லை.

பெருக்க ஊடகம்: பல உயிரிகள் கலந்த மாதிரியில் தேடப்படும் பாக்டீரியாவை மட்டும் விரைந்து பெருகச் செய்யும் நீர்மம். காலராவுக்குப் பயன்படும் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீர் இவ்வகை.

தேர்வு ஊடகம்: வேண்டாத பாக்டீரியாவைத் தடுக்கும் பொருள் சேர்த்தது.

வேறுபடுத்தும் ஊடகம்: வளரும் பாக்டீரியாக்களை நிறத்தால் பிரித்துக் காட்டுவது.

கொண்டுசெல் ஊடகம்: மாதிரியில் உள்ள பாக்டீரியா பெருகாமலும் சாகாமலும் ஆய்வகம் வந்துசேர உதவுவது.

ஒரே ஊடகம் இரண்டு வேலைகளைச் செய்வதும் உண்டு. ஆல்பிரட் மெக்காங்கி 1900களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஊடகம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் கழிவுநீர் பற்றிய அரசு ஆணையத்திற்காக அவர் பணியாற்றியபோது இது பிறந்தது. இதில் உள்ள பித்த உப்பு, குடலில் வாழப் பழகிய பாக்டீரியாக்களை வளரவிட்டுப் பிறவற்றில் பலவற்றைத் தடுக்கிறது. இதில் உள்ள பால் சர்க்கரையை எந்தப் பாக்டீரியா நொதிக்கச் செய்கிறதோ, அதன் காலனி இளஞ்சிவப்பாகிறது. மனித மலத்தில் இயல்பாக உள்ள ஈ. கோலை இளஞ்சிவப்புக் காலனி தரும். குடற்காய்ச்சல், சீதபேதி ஆகியவற்றின் பாக்டீரியாக்கள் பொதுவாக நிறமற்ற காலனி தரும். ஊர்க் கிணற்று நீரும் குழாய் நீரும் மலத்தால் மாசுபட்டுள்ளனவா என்று அறியும் சோதனையில் இன்றும் இவ்வூடகத்தின் நீர்ம வடிவம் பயன்படுகிறது.

தொலைவும் கடலுப்பும்

சென்னை மாகாணத்தில் பாக்டீரியா சோதனைக்கான முதன்மை நிலையமாகக் கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் வளர்ந்தது. 1899இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் பெயரைத் தாங்கியது. அம்மைத் தடுப்பு மருந்து செய்வதோடு, நோயாளிகளின் மாதிரிகளையும் குடிநீரையும் சோதிப்பதும் அதன் பணியாயிற்று.

மாகாணம் மிகப் பெரியது. தென்கோடியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சிவகிரி, தென்காசி போன்ற மேற்குமலை அடிவார ஊர்கள் கிண்டியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன. அத்தகைய ஊரில் வயிற்றுப்போக்குக் கண்டவரின் மலமாதிரி ஆய்வகத்தை அடைய, சாலையும் இரயிலுமாகப் பல மணி நேரமாவது ஆகும். காலராப் பாக்டீரியா உலர்ந்தால் விரைவில் சாகும், அமிலத்தையும் தாங்காது. வழியில், வெப்பத்தில், மாதிரியிலுள்ள பிற குடல் பாக்டீரியாக்கள் பெருகி அதை மூழ்கடித்துவிடும். மாதிரி வந்துசேரும்போது காலராவின் அடையாளமே இருக்காது. காலரா இல்லை என்று விடை எழுதப்பட்டால், அந்த ஊரின் கிணறுகளுக்குக் குளோரின் இடுவதும் தடுப்பூசி போடுவதும் தள்ளிப்போகும். ஊடகத்தின் குறை உயிர்ச்சேதமாக முடியக்கூடும்.

சென்னை மாகாணத்தில் காலரா ஆய்வில் ஈடுபட்டிருந்த கே. வி. வெங்கட்ராமன், சி. எஸ். இராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் இதற்கு ஒரு விடை கண்டனர். 1941இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அவர்கள் வெளியிட்ட கொண்டுசெல் ஊடகம் மிக எளியது. அதன் முதன்மைப் பொருள் சுத்திகரிக்காத கடலுப்பு. ஒரு லிட்டருக்கு 20 கிராம். போரிக் அமிலம், பொட்டாசியம் குளோரைடு, சோடியம் ஐதராக்சைடு ஆகியவற்றால் அதன் காரத்தன்மை பி.எச். 9.2 அளவில் நிலைநிறுத்தப்பட்டது.

இதன் தத்துவம் காலராப் பாக்டீரியாவின் இயல்பிலேயே உள்ளது. அப்பாக்டீரியா உவர்நீரிலும் கழிமுகத்திலும் வாழக்கூடியது. உப்பையும் காரத்தையும் தாங்கும். குடலின் பிற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அந்த அளவு காரத்தில் பெருகமாட்டா. எனவே மாதிரியை இந்த நீரில் இட்டால், காலராப் பாக்டீரியா உணவின்றியே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்; மற்றவை அதை மூழ்கடிக்க இயலாது. குளிர்பெட்டி தேவையில்லை. சில நாட்கள் மட்டுமன்றி வாரக்கணக்கிலும் பாக்டீரியா பிழைத்திருந்தது. பின்னர் பெப்டோன் சேர்த்து, காரத்தன்மையை 8.6 முதல் 8.8 வரை குறைத்த திருந்திய வடிவமும் புழக்கத்திற்கு வந்தது.

இருவரின் பெயர்களின் முதலெழுத்துகளால் வி.ஆர். ஊடகம் என்று அழைக்கப்படும் இது, உலகெங்கும் நுண்ணுயிரியல் பாடநூல்களில் இடம் பெற்றுள்ளது. ஆனால் இது காலராவுக்கு மட்டுமே ஏற்றது. சீதபேதி, குடற்காய்ச்சல் பாக்டீரியாக்களையும் சேர்த்துக் காக்க வேண்டிய இடங்களில், 1964இல் வந்த கேரி-பிளேர் ஊடகம் பயன்படுகிறது.

ஆய்வகம் வந்துசேர்ந்த மாதிரியிலிருந்து காலராவைப் பிரிக்க, சப்பானில் 1963இல் உருவான டி.சி.பி.எஸ். அகார் பெரிதும் பயன்படுகிறது. பித்த உப்பும் உயர்ந்த காரத்தன்மையும் கொண்ட இப்பச்சை ஊடகத்தில், கரும்புச் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் காலராப் பாக்டீரியா மஞ்சள் காலனிகளாகத் தெரியும். 1992 அக்டோபரில் சென்னையில் பரவிய காலரா, ஊடகத்தின் வலிமையையும் எல்லையையும் காட்டியது. ஊடகத்தில் காலராப் பாக்டீரியாவைப் போலவே அது வளர்ந்தது; ஆனால் வழக்கமான ஓ1 வகைக்குரிய எதிர்ச்சீரத்துடன் வினைபுரியவில்லை. அது ஓ139 என்ற புதிய வகை என்று பின்னர் உறுதியாயிற்று. அவ்வகை சில மாதங்களில் கொல்கத்தாவுக்கும் வங்காளதேசத்திற்கும் பரவியது. சீரச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அது காலரா இல்லை என்றே ஒதுக்கப்பட்டிருக்கும். உயிருடன் வளர்த்துக் கையில் வைத்திருந்ததால்தான் மேலும் ஆராய முடிந்தது.

காசநோயும் முட்டை ஊடகமும்

காசநோய்ப் பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகுவது. பிற பாக்டீரியாக்கள் ஒரே இரவில் காலனி தரும். இதற்கு மூன்று முதல் எட்டு வாரங்கள் வரை ஆகும். அத்தனை நாளும் ஊடகம் உலராமலும் கெடாமலும் இருக்க வேண்டும். இதற்கெனப் பெரிதும் பயன்படுவது லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகம். 1930களின் தொடக்கத்தில் வியன்னாவின் லோவன்ஸ்டைன் உருவாக்கியதை டென்மார்க்கின் ஜென்சன் திருத்தியமைத்தார்.

இதில் அகார் இல்லை. கோழிமுட்டையை உடைத்து, கிளிசரால், அசுபராசின், தாது உப்புகள், மாலகைட் பச்சை என்ற சாயம் ஆகியவற்றுடன் கலந்து, குப்பிகளில் ஊற்றிச் சாய்த்து வைத்து, 80 முதல் 85 பாகை வெப்பத்தில் மெதுவாக உறையவைக்கிறார்கள். இட்லி கொதிநீராவியில் வேகிறது. இது அதைவிடக் குறைந்த வெப்பத்தில் வேக வேண்டும். வெப்பம் மிஞ்சினால் முட்டையில் குமிழ் தோன்றிப் பரப்பு கெடும். மாலகைட் பச்சை பிற பாக்டீரியாக்களைத் தடுப்பதோடு ஊடகத்திற்கு வெளிர்பச்சை நிறமும் தருகிறது. அதன்மீது காசநோய்ப் பாக்டீரியா ரொட்டித் தூள் போன்ற சொரசொரப்பான, மங்கிய மஞ்சள் காலனியாக வளர்கிறது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்து, நல்லுணவும் ஓய்வும் தர வேண்டும் என்பதே அன்றைய மருத்துவக் கருத்து. சானடோரியங்களில் இடம் மிகக் குறைவு. நோயாளிகளோ மிகப் பலர். வாலசு பாக்சு தலைமையில் நடந்த ஆய்வில், சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகள் தரப்பட்டன. முடிவுகள் 1959இல் வெளிவந்தன. வீட்டில் குறைந்த உணவுடன் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர்.

குணமடைந்தார்களா என்பதைக் கூறியது நோயாளியின் தோற்றமோ எடையோ மட்டுமன்று. சளியை மீண்டும் மீண்டும் ஊடகத்தில் இட்டுப் பார்த்தபோது பாக்டீரியா வளராமல் போனதே உறுதியான சான்று. நுண்ணோக்கியில் இறந்த பாக்டீரியாவும் உயிருள்ளதும் ஒன்றுபோலவே தெரியும். உயிருள்ளது மட்டுமே முட்டை ஊடகத்தில் வளரும். உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டை நோக்கித் திரும்பியதில் இந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது.

வயல் மண்ணின் பாக்டீரியா

ஊடகங்கள் நோய்க்கு மட்டும் உரியன அல்ல. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்தில் நெல், கரும்பு, எலுமிச்சை முதலியவை பயிராகின்றன. தமிழக உழவர்களுக்கு அறிமுகமான அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம், காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும் பாக்டீரியாவைக் கொண்டது. நெல், கரும்பு போன்ற புல்வகைப் பயிர்களின் வேர்களோடு அது வாழ்கிறது.

இதை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் ஊடகத்தில் தழைச்சத்து வேண்டுமென்றே சேர்க்கப்படுவதில்லை. மாலிக் அமிலத்தின் உப்பும் தாதுக்களும் மிகச் சிறிதளவு அகாரும் மட்டுமே இருக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே பெறக்கூடிய பாக்டீரியாதான் அதில் செழிக்க முடியும். அசோஸ்பைரில்லத்திற்கு ஆக்சிசன் வேண்டும். ஆனால் மிகுதியாக இருந்தால் தழைச்சத்தை நிலைப்படுத்தும் நொதி செயலிழக்கும். எனவே அரைத்திண்ம ஊடகத்தின் பரப்புக்குச் சற்றுக் கீழே, தனக்கு ஏற்ற ஆழத்தில், வெண்ணிற ஆடை போலப் படர்கிறது. ஊடகத்தில் சேர்த்த சாயம் பச்சையிலிருந்து நீலமாகிறது. இல்லாமையையே சல்லடையாக்கும் இம்முறை தேர்வு ஊடகத்தின் மற்றொரு வடிவம்.

மன்னார் வளைகுடாவின் பாசி

பல வகை ஊடகங்கள் வந்த பிறகும் அகாரின் இடம் மாறவில்லை. அகார் உற்பத்தியில் நெடுங்காலம் முன்னணியில் இருந்த நாடு சப்பான். இரண்டாம் உலகப் போரில் சப்பானிய அகார் நின்றுபோனது. மருத்துவமனைகளும் தடுப்பூசி நிலையங்களும் அகாரின்றி இயங்க முடியாது என்பதால், பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் தத்தம் கடற்கரைகளில் மாற்றுப் பாசி தேடின. இந்தியாவிலும் அகார் தயாரிக்கும் ஆய்வுகள் அக்காலத்தில் தொடங்கின. 1947இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இயங்கியபோது கடற்பாசிகளை ஆராய்ந்து, அகார் எடுக்கும் முறைகளையும் வகுத்தது.

மன்னார் வளைகுடாவில் அகார் தரும் பாசிகள் முதன்மையாக இரண்டு. கெலிடியெல்லா என்ற செம்பாசியை மீனவர்கள் மரிக்கொழுந்துப் பாசி என்பர்; கிராசிலேரியா கஞ்சிப்பாசி எனப்படுகிறது. கஞ்சிப்பாசியின் அகார் பெரும்பாலும் உணவுக்கு ஏற்றது. கெட்டியாக உறையும் தரமான அகார் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைக்கிறது. 1960களிலிருந்து இப்பாசிகள் வணிக அளவில் சேகரிக்கப்பட்டு, மதுரை வட்டாரத்து ஆலைகளுக்குச் சென்றன.

பாசியைக் கழுவி, வெயிலில் வெளுக்கவிட்டு, நீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால் கூழ் கிடைக்கும். அக்கூழை உறைபனியாக்கி மீண்டும் உருகவிட்டால் நீரும் அழுக்கும் பிரிந்து அகார் எஞ்சும். சப்பானில் மலைப்பகுதிகளின் குளிர்கால இரவே இவ்வேலையைச் செய்தது. பனி உறையாத தமிழகத்தில் அதற்குக் குளிர்பதன எந்திரம் வேண்டும். வெப்பத்தைத் தாங்கும் பொருளை வெப்பநாட்டில் செய்வது செலவு மிக்கதாக இருந்தது.

பாசியைச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். படகில் தீவுகளின் அருகே சென்று, கண்ணாடி அணிந்து, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பவளப்பாறைகளில் ஒட்டிய பாசியைக் கையால் பறிக்கின்றனர். பாறை கிழிப்பதும் உவர்நீரில் புண் ஆறாமையும் இத்தொழிலில் இயல்பானவை. 1986இல் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளைக் காக்கும் விதிகள் கடுமையானபோது, தலைமுறையாகச் செய்த தொழில் குற்றமாயிற்று. அப்பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்துவது எனத் தாமே கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டனர்.

பாக் நீரிணைக் கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் என்ற பாசி இதிலிருந்து வேறானது. அது தருவது காராஜீனன். உணவுத் தொழிலில் பயன்படும் அப்பொருள், பாக்டீரியாத் தட்டில் அகாரின் இடத்தைப் பிடிக்கவில்லை. எனவே அந்தப் பாசி வளர்ப்பு பெருகினாலும் ஆய்வகங்களின் தேவை தீர்வதில்லை.

இன்றைய நிலை

இன்று பெரும்பாலான ஊடகங்கள் பொடியாகவே விற்கப்படுகின்றன. நீரில் கரைத்து, ஆட்டோகிளேவில் தூய்மை செய்து, தட்டில் ஊற்றினால் போதும். காசநோய்க்கு, நீர்ம ஊடகத்தில் வளர்ச்சியைக் கருவியே கண்டறியும் முறை வந்துவிட்டது. பாக்டீரியாவின் மரபுப்பொருளை நேரடியாகத் தேடும் சோதனை சில மணி நேரத்திலேயே விடை தருகிறது. உலக சுகாதார அமைப்பு 2010இல் ஏற்றுக்கொண்ட இத்தகைய சோதனை தமிழக அரசு மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது.

ஆயினும் வளர்ப்பு ஊடகம் வழக்கொழியவில்லை. மரபுப்பொருள் சோதனை தான் தேடுவதை மட்டுமே காணும். 1992இல் சென்னையில் தோன்றியது போன்ற எதிர்பாராத புதிய வகை அதில் தப்பக்கூடும். சிகிச்சைக்குப் பின் உடலில் எஞ்சியிருப்பது உயிருள்ள பாக்டீரியாவா, இறந்ததன் எச்சமா என்பதையும் வளர்த்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். எந்த மருந்துக்கு ஒரு பாக்டீரியா கட்டுப்படும் என்பதை அறிய, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை அகார் தட்டில் வைத்து, அவற்றைச் சுற்றி வளர்ச்சி இல்லாத வட்டத்தை அளப்பது இன்றும் மருத்துவமனைகளின் அன்றாட வேலை.

அகார் தட்டுப்பாடும் தீர்ந்துவிடவில்லை. ஆய்வகத் தரமுள்ள அகாருக்கு உலகம் பெரிதும் நம்பியுள்ள மொராக்கோ நாடு, தன் கடற்பாசி வளத்தைக் காக்க அறுவடைக்கும் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு விதித்தபோது, 2015இல் உலகெங்கும் ஆய்வகங்களுக்கு அகார் கிடைப்பது அரிதாயிற்று. தட்டுகளில் ஊற்றப்படும் கூழுக்கு 1881 முதல் இன்றுவரை முழுமையான மாற்று கிடைக்கவில்லை. நோயாளியின் மாதிரியைச் சோதிக்கும் ஒவ்வொரு ஆய்வகமும் ஏதோ ஒரு கடற்கரையின் பாறைப் பாசியையும், அதைப் பறிக்கும் கைகளையும் சார்ந்தே இயங்குகிறது.